மோட்டார் கரன்டை ஆர்டுயினோவில் அளக்க: ஏசி சிக்னலை அனலாக் பின்னுக்கு ஏற்ற மட்டத்தில் நிறுத்துவது எப்படி?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் முகப்பு ஒரு தெருவில் இருக்கும். கொல்லைவாசல் அடுத்த தெருவில் போய்த் திறக்கும். போர் மோட்டார் பெரும்பாலும் கொல்லைப் பக்கம்தான். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கோடையில் நீர்மட்டம் இறங்கிய போரில் மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடினால், காயில் போன பிறகுதான் தகவல் வரும். மோட்டார் இழுக்கும் கரன்டை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் கவனித்துக்கொண்டே இருந்தால் இதைத் தடுக்கலாம். அதற்கு வேண்டிய பாகங்கள் குறைவு, புரோகிராமும் சின்னது. கவனம் எல்லாம் ஓரிடத்தில்தான் வேண்டும்: மேலும் கீழும் ஆடும் ஏசி சிக்னலை, மைனஸ் வோல்ட்டேஜையே தாங்காத ஒரு பின்னுக்குள் எப்படி அனுப்புவது?

ஆர்டுயினோ ஊனோ, நானோ இரண்டிலும் உள்ள ஏடிமெகா328பி சிப் 0 முதல் 5 வோல்ட் வரை படித்து, அதை 0 முதல் 1023 வரை எண்ணாகத் தரும். ஓர் எண் என்பது 4.88 மில்லிவோல்ட். சைன் அலையை நேரே கொடுத்தால் கீழ்ப் பாதி முழுக்க 0 என்றே வரும். அதோடு நின்றால் பரவாயில்லை. கிரவுண்டுக்குக் கீழே 0.5 வோல்ட்டுக்கு மேல் இறங்கினாலோ, சப்ளையைத் தாண்டி 0.5 வோல்ட்டுக்கு மேல் ஏறினாலோ சிப்புக்கே கேடு. உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடுகள் கொஞ்ச நேரம் தாங்கும். பிறகு அந்தப் பின் மட்டும் போகலாம், சிப்பே போகலாம்.

டையோடு வைத்து ரெக்டிஃபை செய்து, அதாவது ஏசியை டிசியாக்கி, அளக்கலாமே என்று தோன்றும். சாதாரண டையோடில் 0.6 வோல்ட் விழும். நாம் அளக்கப்போகும் சிக்னலோ அரை வோல்ட் ஆர்எம்எஸ் (ஏசியின் பயனுறு அளவு; சைன் அலையில் உச்சத்தை 1.414 ஆல் வகுத்தது) அளவுதான். டையோடே பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிச்சமும் நேர்விகிதத்தில் வராது. அலையை அப்படியே வைத்துக்கொண்டு அதன் நடுக்கோட்டை 2.5 வோல்ட்டுக்கு உயர்த்துவதே சரியான வழி. அப்போது மேலே 2.5, கீழே 2.5 வோல்ட் ஆட இடம் கிடைக்கும். உயர்த்தியதைப் புரோகிராமில் கழித்துக்கொள்ளலாம்.

வேலை தொடங்குமுன் ஒன்று. 230 வோல்ட் லைனை ரெசிஸ்டர் போட்டுக் குறைத்து நேரடியாக போர்டுக்குள் கொண்டுவரும் வரைபடங்கள் நிறையச் சுற்றுகின்றன. தொடாதீர்கள். நியூட்ரலை கிரவுண்டாக வைத்தால் ஆபத்தில்லை என்ற நினைப்பு, பழைய வீட்டு வயரிங்கில் நிற்காது. மரக்கேசிங்கில் ஓடும் பழைய வயரில் எது பேஸ், எது நியூட்ரல் என்பதற்கு நிறத்தை நம்ப முடியாது. இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே மாறிவிடும். மாறினால் போர்டின் கிரவுண்டே 230 வோல்ட்டில் நிற்கும். யுஎஸ்பி கேபிளைத் தொட்டவருக்கும் லேப்டாப்புக்கும் அதே கதிதான். டிரான்ஸ்ஃபார்மரோ சிடியோ (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்; வயரில் ஓடும் கரன்டுக்கு ஏற்ற சிறு கரன்டைத் தனிக் காயிலில் தருவது) நடுவில் இருந்தே ஆக வேண்டும். லைன் பக்கம் கை வைக்கும்போது மெயினை இறக்கி, டெஸ்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் பிரேக்கர்) இல்லாத வீடாக இருந்தால் முதலில் அதைப் போடச் சொல்லுங்கள்.

வேண்டிய பாகங்கள்

கரன்டுக்கு எஸ்சிடி-013-000 என்ற பிளவு சிடி; வயரைக் கழற்றாமலே திறந்து மாட்டலாம். உடலிலேயே 100 ஆம்ப், 50 மில்லிஆம்ப் என்று அச்சிட்டிருக்கும். இதே தோற்றத்தில் 013-030 என்று ஒன்று உண்டு. 30 ஆம்புக்கு 1 வோல்ட் தருவது. அதற்குள் பர்டன் ரெசிஸ்டர் (சிடி தரும் கரன்டை வோல்ட்டேஜாக மாற்றுவது) ஏற்கெனவே இருக்கிறது. தெரியாமல் வெளியே இன்னொன்று சேர்த்தால் அளவு குறைந்து வரும். எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

இத்துடன் 10கே (10 கிலோஓம்) ரெசிஸ்டர் நான்கைந்து, 150 ஓம் ஒன்று, 1கே ஒன்று, 68கே ஒன்று, எல்லாம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம், கால் வாட். 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் இரண்டு; வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் வைப்பதென்றால் 105 டிகிரி வகை. பிஏடி54எஸ் என்ற இரட்டை ஷாட்கி டையோடு ஒன்று. வோல்ட்டேஜும் அளப்பதாக இருந்தால் 9 வோல்ட் இரும்புக்கோர் டிரான்ஸ்ஃபார்மர். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் டிவி பழுதுபார்ப்போர் வாங்கும் கடையிலேயே கிடைக்கும். சிடியை இணையத்திலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மர் கேட்டால் கடையில் 9-0-9 எடுத்துத் தருவார்கள். அதில் நடு வயரையும் ஒரு ஓர வயரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்றாவதை டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். இரண்டு ஓரங்களையும் எடுத்தால் 18 வோல்ட் வரும். போன் சார்ஜர் மாதிரி லேசான அடாப்டர்கள் தருவது டிசி; அவை இதற்கு ஆகாது.

நடுமட்டம் செய்வது

5 வோல்ட்டிலிருந்து ஒரு 10கே, அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 10கே. இரண்டும் சேரும் இடத்தில் 2.5 வோல்ட். அந்த இடத்தை இனி நடுமட்டம் என்போம். நடுமட்டத்திலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். பிளஸ் கால் நடுமட்டத்தில்.

அந்தக் கெப்பாசிட்டரைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது. அது இல்லாவிட்டால் நடுமட்டத்தின் உள்தடை (அந்த இடத்திலிருந்து கரன்ட் எடுக்கும்போது எதிர்ப்படும் தடை) 5கே. சப்ளையில் வரும் இரைச்சலில் பாதி அப்படியே அளவில் ஏறும். இருந்தால் 50 ஹெர்ட்ஸுக்கு அந்த இடம் 318 ஓம் வழியாகக் கிரவுண்டில் கட்டப்பட்டது போல அசையாமல் நிற்கும். மின்சாரம் கொடுத்ததும் நடுமட்டம் 2.5 வோல்ட்டுக்கு ஏறி நிற்கக் கால் விநாடி பிடிக்கும். அதற்கு முன் எடுத்த அளவுகளைத் தூக்கிப் போடுங்கள்.

பேட்டரியில் ஓட்டுவதாக இருந்தால் 10கேக்குப் பதில் 470கே இரண்டு போட்டுக் கரன்டை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் நடுமட்டம் நிலைக்கப் பத்து விநாடிக்கு மேல் ஆகும். வீட்டுக்குள் அடாப்டரில் ஓடும் போர்டுக்கு 10கே போதும்.

சிடியை இணைப்பது

இங்கே ஒரு வசதி இருக்கிறது. சிடியின் காயில் வேறெதோடும் சேராமல் தனித்து மிதப்பது. அதனால் அதன் ஒரு முனையை நேரே நடுமட்டத்தில் கட்டினாலே போதும். மறுமுனை தானாக 2.5 வோல்ட்டைச் சுற்றி ஆடும். சிக்னல் பாதையில் கெப்பாசிட்டர் வேண்டாம். சிடியின் இரு முனைகளுக்கும் குறுக்கே 150 ஓம் பர்டன். ஆடும் முனையிலிருந்து 1கே வழியாக ஏ0 பின்னுக்கு. பின்னருகே பிஏடி54எஸ்: ஒரு டையோடு பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு, இன்னொன்று கிரவுண்டிலிருந்து பின்னுக்கு.

150 ஓம் எங்கிருந்து வந்தது? இந்தச் சிடியின் சுற்று விகிதம் 2000. அதிகபட்சம் 20 ஆம்ப் அளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காயிலில் 10 மில்லிஆம்ப் ஆர்எம்எஸ், 1.414 ஆல் பெருக்கினால் உச்சம் 14.14 மில்லிஆம்ப். 150 ஓமில் அது 2.12 வோல்ட். 2.5 வோல்ட் இடத்துக்குள் அடங்கி, கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. உங்கள் மோட்டாருக்கு வேறு வரம்பு வேண்டுமானால் இதே கணக்கைப் போட்டு, கிடைக்கும் ஓமுக்கு அடுத்துக் கீழே உள்ள ரெசிஸ்டரை எடுங்கள். மேலே உள்ளதை எடுத்தால் அலையின் தலை வெட்டுப்படும். பர்டனை அளவுக்கு மீறி ஏற்றினால் சிடியின் பேஸ் பிழையும் (அலை நேரத்தில் சற்று நகர்ந்து வருவது) கூடும் என்பதால், சிக்னல் பெரிதாக வரட்டும் என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

ஒரு எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் 7 ஆம்ப் இழுக்கிறது என்று கொள்வோம். பர்டனில் 0.525 வோல்ட் ஆர்எம்எஸ். ஏடிசியில் (வோல்ட்டேஜை எண்ணாக்கும் சிப்பின் பகுதி) சுமார் 107 எண்கள். ஓர் எண்ணுக்கு 65 மில்லிஆம்ப். வேலைக்கு இது தாராளம். ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரன்ட் பல மடங்கு ஏறும். 35 ஆம்ப் என்று வைத்தால் உச்சம் 3.7 வோல்ட், பின்னுக்கு வர முயல்வது 6.2 வோல்ட். ஷாட்கியும் 1கேயும் இருப்பது இதற்காகத்தான். ஷாட்கி இல்லாமல் சிப்பின் உள் டையோடு மட்டும் பிடித்தாலும், 1கே இருப்பதால் அதில் ஓடுவது ஒரு மில்லிஆம்புக்குள் நிற்கும். 1கேயை விட்டுவிட்டால் அந்தக் காப்பு இல்லை.

ஷாட்கிக்குப் பதிலாகப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் போடும் பழக்கம் உண்டு. குறைந்த வோல்ட்டேஜ் ஜீனர்கள் குறித்த அளவுக்கு வெகு முன்பே கசியத் தொடங்கும்; அலையின் உச்சி மழுங்கி, கரன்ட் கூடக் கூட அளவு குறைத்துக் காட்டும். 3.3 வோல்ட் ஜீனர் இன்னும் மோசம்.

சிடியை மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. பேஸ் வயரை மட்டும், அல்லது நியூட்ரலை மட்டும் உள்ளே விட வேண்டும். மூன்று கோர் கேபிளை முழுசாக விட்டால் போகும் கரன்டும் வரும் கரன்டும் ஒன்றையொன்று அழித்து 0 காட்டும். அளவு வரவில்லை என்றால் முதலில் இதைத்தான் பாருங்கள். கோரின் இரு முகங்களும் தூசியில்லாமல் சேர்ந்து, கிளிப் டக்கென்று பூட்ட வேண்டும்; மயிரிழை இடைவெளி இருந்தாலும் அளவு இறங்கும். லைனில் கரன்ட் ஓடும்போது பர்டன் இல்லாமல் சிடியைத் திறந்துவிடக் கூடாது. பர்டன் இல்லாத சிடியின் முனைகளில் வோல்ட்டேஜ் எகிறும். 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் சிக்னல் நுனியிலும் அடிப்பாகத்திலும்தான் இருக்கும். நடு வளையத்தில் ஒன்றும் இல்லை.

வீடு நீளமாக இருப்பதால் கொல்லையிலிருந்து முகப்புவரை வயர் இழுக்க வேண்டியிருக்கும். சிடி தருவது கரன்ட் என்பதால் வயரின் தடை அளவைப் பாதிக்காது. பர்டனைப் போர்டு பக்கமே வையுங்கள், வயர் முறுக்கிய ஜோடியாக இருக்கட்டும். ஆனால் நடுவில் வயர் அறுந்தால் சிடி திறந்துபோகும். அதற்காகச் சிடி அருகிலேயே 12 வோல்ட் ஜீனர் இரண்டை எதிரெதிராகத் தொடராக வைத்துக் குறுக்கே போட்டுவிடுங்கள். பர்டனில் 4 வோல்ட்டுக்கு மேல் வராது என்பதால் அவை சாதாரண நேரத்தில் குறுக்கிடாது.

வோல்ட்டேஜ் ஏன் தேவை?

வறட்டு ஓட்டத்தைப் பிடிக்கக் கரன்ட் மட்டும் போதும் என்றுதான் பலரும் தொடங்குவார்கள். பல மோட்டாருக்கு அது போதாது. இண்டக்‌ஷன் மோட்டார் சுமையே இல்லாமல் ஓடும்போதும் காந்தப்புலத்துக்காகக் கணிசமான கரன்டை இழுக்கும். தண்ணீர் இல்லாதபோது கரன்ட் கொஞ்சம் இறங்கும். பவர் ஃபேக்டரும் (வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கியதில் உண்மையான வாட்டின் பங்கு) சேர்ந்து இறங்குவதால் வாட் கணக்கில்தான் பெரிய சரிவு தெரியும். லைன் வோல்ட்டேஜ் ஏறி இறங்கினாலும் கரன்ட் மாறும். ஆக வோல்ட்டேஜையும் எடுத்து வாட் கணக்கிட்டால் தவறான எச்சரிக்கை வெகுவாகக் குறையும்.

டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியும் மிதப்பதுதான். ஒரு முனை நடுமட்டத்துக்கு. மறுமுனையிலிருந்து 68கே வழியாக ஏ1 பின்னுக்கு. பின்னிலிருந்து நடுமட்டத்துக்கு 10கே. நடுமட்டம் சிடிக்கு வைத்ததே போதும். இரண்டு சிக்னலும் தத்தம் வட்டத்துக்குள்ளேயே சுற்றுவதால் ஒன்றின் கரன்ட் மற்றதில் ஏறாது.

9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் சுமையில்லாமல் 9 தராது. 20 சதவீதம் கூடுதலாக, 10.8 வோல்ட் என்று கொள்ளுங்கள். லைன் 270 வரை ஏறுகிறது என்றால் 12.7 வோல்ட் ஆர்எம்எஸ், உச்சம் 17.9. 68கேயும் 10கேயும் அதை 7.8 ஆல் வகுத்து 2.29 வோல்ட்டாக்கும். டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் 9ஐ நம்பிக் கணக்குப் போட்டால் வோல்ட்டேஜ் ஏறும் நாளில் தலை வெட்டுப்படும். டிரான்ஸ்ஃபார்மரை வாங்கியதும் மல்டிமீட்டரில் ஏசி ரேஞ்சில் அளந்து, உங்கள் எண்ணை வைத்துக் கணக்கிடுங்கள். இந்தப் பாதையில் தனியாக 1கே வேண்டாம், 68கேயே காப்பு. நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் பக்கம் வந்தாலும் பின்னுக்குள் போகும் கரன்ட் மிகச் சொற்பம். அந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் கதி வேறு விஷயம். அதன் பிரைமரியில் ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

த்ரீ பேஸ் சர்வீஸ் உள்ள வீடுகளில் பேஸ் மாற்றும் சுவிட்ச் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மரை வீட்டுக்குள் ஏதோ ஒரு பிளக்கில் செருகி, மோட்டார் வேறொரு பேஸில் ஓடினால் வோல்ட்டேஜும் கரன்டும் 120 டிகிரி விலகி நிற்கும். வாட் கணக்கு பொருளற்றுப் போகும், சமயத்தில் மைனஸாகக்கூட வரும். மோட்டார் ஸ்டார்ட்டருக்கு உள்ளே வரும் லைனிலிருந்தே டிரான்ஸ்ஃபார்மருக்கு எடுங்கள். வாட் நிலையாக மைனஸிலேயே, ஆனால் சரியான அளவில் வந்தால், சிடி தலைகீழாக மாட்டியிருக்கிறது என்று பொருள். திருப்பி மாட்டுங்கள்.

இசட்எம்பிடி101பி என்ற தயார் மாட்யூல் வாங்கியவர்களுக்கு: அதிலேயே நடுமட்டம் உண்டு. ஆனால் அதில் உள்ள எல்எம்358 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) 5 வோல்ட் சப்ளையில் 3.5 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. 2.5லிருந்து மேலே 1 வோல்ட்டுதான் இடம். அதில் உள்ள திருகு பொட்டன்ஷியோமீட்டரைக் குறைத்து, உச்சம் அதற்குள் நிற்கும்படி வையுங்கள். மேல் பாதி தட்டையாகவும் கீழ் பாதி முழுசாகவும் தெரிந்தால் காரணம் இதுவே.

சிக்னல் மிதக்காதபோது

ஆடியோ, சிக்னல் ஜெனரேட்டர் போன்றவற்றில் ஒரு முனை ஏற்கெனவே கிரவுண்டில் இருக்கும். அதை நடுமட்டத்தில் கட்ட முடியாது. கட்டினால் நடுமட்டமே கிரவுண்டுக்குப் போய்விடும். இங்கே சிக்னல் பாதையில் கெப்பாசிட்டர் வேண்டும். 10கே இரண்டும் முன் போலவே. ஆனால் அவை சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்குக் கெப்பாசிட்டர் கூடாது, போட்டால் சிக்னலையும் அது விழுங்கும். சிக்னல், கெப்பாசிட்டர் வழியாக அதே இடத்துக்கு வர, அங்கிருந்து 1கே வழியாகப் பின்னுக்கு. எலக்ட்ரோலிட்டிக் என்றால் பிளஸ் கால் 2.5 வோல்ட் பக்கம்.

கெப்பாசிட்டர் அளவு முக்கியம். அதுவும் 5கேயும் சேர்ந்து ஒரு வடிகட்டி ஆகின்றன. 10 மைக்ரோஃபாரட் என்றால் வெட்டு அதிர்வெண் 3.2 ஹெர்ட்ஸ், 50 ஹெர்ட்ஸ் சிக்னலில் இழப்பு 0.2 சதவீதம், பேஸ் 3.6 டிகிரி நகரும். கையில் இருந்த 1 மைக்ரோஃபாரட்டைப் போட்டால் வெட்டு 32 ஹெர்ட்ஸுக்கு ஏறும். அளவில் 16 சதவீதம் போய்விடும், பேஸ் 32 டிகிரி நகரும். அளவு குறைந்ததைக் கேலிப்ரேஷனில் சரிக்கட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பேஸ் போனால் வாட் கணக்கு போயிற்று.

மெதுவாக மாறும் சிக்னலுக்குக் கெப்பாசிட்டரே ஆகாது. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நடப்பது போன்ற மின்வேதியியல் சோதனைகளில் வோல்ட்டேஜ் விநாடிக்குச் சில மில்லிவோல்ட் வேகத்தில் ஏறி இறங்கும். கெப்பாசிட்டர் வைத்தால் பின்னுக்கு ஒன்றுமே வந்து சேராது. அங்கே மூன்று ரெசிஸ்டர் முறை. கருவி மைனஸ் 10 முதல் பிளஸ் 10 வோல்ட் வரை தருகிறது என்று வையுங்கள். சிக்னலிலிருந்து பின்னுக்கு 20கே, 5 வோல்ட்டிலிருந்து பின்னுக்கு 10கே, பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 20கே. மைனஸ் 10க்கு 0 வோல்ட், 0க்கு 2.5, பிளஸ் 10க்கு 5. 20கே இல்லையென்றால் 10கே இரண்டைத் தொடராகப் போடலாம். உள்தடை 5கேதான். கருவியின் வெளியீடு கொஞ்சம் கரன்ட் கொடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. 5 வோல்ட் சப்ளை அசைந்தால் நடுமட்டமும் அசையும் என்பதால், நுட்பமான வேலைக்கு யுஎஸ்பி வோல்ட்டேஜை நம்பாமல் தனி ரெஃபரன்ஸ் சிப் வையுங்கள்.

உள்தடையை அடிக்கடி சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏடிமெகா328பியின் ஏடிசி 10கேக்குள் உள்ள சிக்னலுக்காகச் செய்தது. அதற்கு மேல் போனால், உள்ளே இருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் நிரம்புமுன் அளவு எடுத்துவிடும். ஒரு பின்னில் படித்தது அடுத்த பின்னில் நிழலாக ஒட்டும். இரண்டு பின்களை மாறிமாறிப் படிக்கும்போது ஒன்றின் அசைவு மற்றதில் தெரிந்தால், பின் மாறியதும் ஒரு முறை வெறுமனே படித்து விட்டுவிட்டு, இரண்டாவதை எடுங்கள். நடுமட்டத்துக்கு ஆப்-ஆம்ப் பஃபர் வைப்பதென்றால் எல்எம்358கூட போதும், 2.5 வோல்ட் அதன் எல்லைக்குள்தான். ஆனால் 10 மைக்ரோஃபாரட்டை ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் வையுங்கள்; வெளியீட்டில் வைத்தால் அது ஆசிலேட் ஆகத் தொடங்கும்.

ஈஎஸ்பி32 என்றால்

3.3 வோல்ட்டில் பாதி 1.65 என்று நடுமட்டம் வைப்பதுதான் வழக்கம். வைஃபை உள்ள, 3.3 வோல்ட்டில் ஓடும் ஈஎஸ்பி32 போர்டுக்கு அது சரியான இடமில்லை. உள்ளீட்டைக் குறைத்துப் படிக்கும் 11 டெசிபெல் அமைப்பில் அதன் ஏடிசி நம்பத்தக்க வகையில் படிப்பது 0.15 முதல் 2.45 வோல்ட் வரைதான். அதற்கு மேல் வளைந்துவிடும். நடு என்பது 1.3 வோல்ட். மேலே 15கே, கீழே 10கே போட்டால் 1.32 கிடைக்கும். பர்டன் 68 ஓம், வோல்ட்டேஜ் பக்கம் 68கேக்குப் பதில் 180கே. ஷாட்கியின் மேல் முனையை 3.3 வோல்ட்டில் கட்டுங்கள், 5இல் இல்லை. 32 முதல் 39 வரை எண்ணுள்ள பின்களையே எடுங்கள். மற்ற அனலாக் பின்கள் வைஃபை ஓடும்போது ஒத்துழைக்காது.

புரோகிராமில்

நடுமட்டம் 512 என்று எழுதி வைத்துவிடாதீர்கள். ரெசிஸ்டரின் 1 சதவீத வேறுபாட்டிலேயே சில எண்கள் நகரும். ஒவ்வொரு முறையும் 200 மில்லிவிநாடி, அதாவது 50 ஹெர்ட்ஸில் சரியாகப் பத்து சுழற்சி, படித்துக்கொண்டே வாருங்கள். எண்களின் கூட்டுத்தொகை, வர்க்கங்களின் கூட்டுத்தொகை, எத்தனை முறை படித்தது, இந்த மூன்றும் போதும். வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் நடுமட்டம் தானாக நீங்கிய ஆர்எம்எஸ் வரும். அரைகுறைச் சுழற்சியில் நிறுத்தினால் எண் ஒவ்வொரு முறையும் ஆடும்.

வர்க்கம் எடுக்கும் இடத்தில் ஒரு பொறி. 512ஐக் கழித்துவிட்டு வர்க்கம் எடுக்கும் புரோகிராம்களில், ஊனோவின் சாதாரண முழு எண் 32767 வரைதான் கொள்ளும். 181இன் வர்க்கம் அடங்கும், 182இன் வர்க்கம் அடங்காது. நம் கணக்கில் அது 8.4 ஆம்ப். அதுவரை அழகாகக் காட்டிவிட்டு அதற்கு மேல் உளறும் சர்க்யூட்டைப் பார்த்து சிடியைச் சந்தேகப்படாதீர்கள். நீள முழு எண்ணாக மாற்றிய பின் வர்க்கம் எடுங்கள். ஈஎஸ்பி32இல் எண்கள் 4095 வரை போவதால் கூட்டுத்தொகைக்கு 64 பிட் வேண்டும்.

ஊனோவில் ஒரு முறை படிக்க 112 மைக்ரோவிநாடி ஆகும். வோல்ட்டேஜையும் கரன்டையும் அடுத்தடுத்துப் படிப்பதால் இரண்டுக்கும் நடுவே 2 டிகிரி பிசகுகிறது. வெறும் படிப்பைப் பின் மாறும்போது சேர்த்தால் அது 4 டிகிரி. பவர் ஃபேக்டர் 1 உள்ள இஸ்திரிப்பெட்டியை அளக்கும்போது இந்தப் பிசகு வெளியே தெரியாது. பவர் ஃபேக்டர் 0.6 உள்ள மோட்டாருக்கு 2 டிகிரியே வாட் அளவில் கிட்டத்தட்ட 5 சதவீதம். முதலில் படிக்கும் சிக்னலின் முந்தைய எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் இடையில், மற்றதைப் படித்த நேரத்துக்குரிய மதிப்பைக் கணக்கிட்டு எடுத்துக்கொண்டால் இது சரியாகும்.

சோதிக்கும் வரிசை

எதையும் மாட்டாமல் நடுமட்டத்தை மல்டிமீட்டரில் டிசியில் பாருங்கள்: 2.45க்கும் 2.55க்கும் நடுவே இருக்க வேண்டும். 0 என்றால் கெப்பாசிட்டர் ஷார்ட். 5 என்றால் கீழ் ரெசிஸ்டர் சால்டர் பிடிக்கவில்லை. பிறகு சிடியைச் செருகி, வயரில் மாட்டாமல், ஒரு விநாடிக்குள் வந்த குறைந்த எண்ணையும் கூடிய எண்ணையும் சீரியல் மானிட்டரில் எழுதச் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு எண் வித்தியாசம் இயல்பு. இருபது முப்பது என்றால் சப்ளை சரியில்லை; மலிவான சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

அடுத்து, அளவு தெரிந்த சுமை. 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு நல்லது. தண்ணீரில் மூழ்கிய பிறகே போடுங்கள், 230 வோல்ட்டில் 6.5 ஆம்ப். இஸ்திரிப்பெட்டியானால் தெர்மோஸ்டாட் வெட்டுவதற்குள் அளந்துவிட வேண்டும். பக்கத்தில் கிளாம்ப் மீட்டரை வைத்து, அது காட்டும் ஆம்பை உங்கள் ஆர்எம்எஸ் எண்ணால் வகுத்தால் வரும் பெருக்கி 0.065 பக்கம் நிற்க வேண்டும். பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் பர்டன் மதிப்பைப் பாருங்கள். ஹீட்டருக்குப் பவர் ஃபேக்டர் 1. வாட்டை, வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கியதால் வகுத்துப் பார்த்து, 1க்குக் குறைவாக வந்தால் பேஸ் திருத்தத்தை நகர்த்துங்கள்.

கடைசியாக மோட்டார். ஸ்டார்ட் ஆன அரை விநாடியில் 0 அல்லது 1023 வரலாம், அது எதிர்பார்த்ததே. அந்த நேரத்து அளவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நிலையாக ஓடும்போதும் அந்த எண்கள் வந்தால் பர்டனை 100 ஓமுக்கு இறக்குங்கள். தண்ணீர் நன்றாக வரும்போது உள்ள வாட்டைக் குறித்துக்கொண்டு, டெலிவரி வால்வை முழுதும் மூடி ஒரு சில விநாடி மட்டும் ஓட்டி மறு வாட்டைப் பாருங்கள். பெரும்பாலான போர் மோட்டாரில் வால்வு மூடினாலும் வாட் இறங்கும். வறண்டால் அதைவிடவும் இறங்கும். அந்த இரண்டாவது எண்ணுக்குச் சற்றுக் கீழே நிறுத்த வரம்பை வைத்து, பத்து விநாடி தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால் மட்டும் ரிலே வெட்டும்படி எழுதுங்கள். வெட்டிய பிறகு போரில் நீர் ஊற நேரம் வேண்டும். அரை மணிக்குள் மறுபடி ஸ்டார்ட் ஆகாதபடி புரோகிராமிலேயே பூட்டிவிடுங்கள்.